ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் கைக்கு வராமல் வீடு விற்கப் புறப்படாதீர்கள்

டர்பனில் வீட்டு விற்பனை முகவராகச் சேரும் இளையவர்கள், எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே மறுபடியும் செய்வதைப் பார்த்து மனம் பொறுக்காமல் இதை எழுதுகிறேன். படிவத்தில் கையெழுத்து விடுபடுவது, அடையாள அட்டை நகல் மங்கலாக இருப்பது போன்றவற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை. முகவராக வேலை செய்ய அனுமதி தரும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழுக்கான விண்ணப்பம் திரும்பி வந்ததும் அவற்றைத் திருத்திக்கொள்ளலாம்.

பணம் கட்டிய ரசீதைச் சான்றிதழாக எண்ணுவது

தென்னாப்பிரிக்காவில் 2019இல் இயற்றப்பட்ட சொத்துத் தொழிலர் சட்டம் 2022 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 1976ஆம் ஆண்டுச் சட்டமும் பழைய வாரியமும் போய், முகவர்களுக்கு அந்தச் சான்றிதழை வழங்கும் பி.பி.ஆர்.ஏ. என்னும் ஆணையம் வந்தது. ஆனாலும் ஒரு விதியின் கடுமை சற்றும் குறையவில்லை. வேலையைச் செய்த நேரத்தில் செல்லுபடியாகும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் உங்கள் பெயரில் இல்லையென்றால், கமிஷன் கேட்கும் உரிமையே உங்களுக்குக் கிடையாது. வாங்கிவிட்ட கமிஷனையும், சம்பந்தப்பட்டவர் எழுத்தில் கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். பயிற்சியில் இருக்கும் முகவருக்கும் இதே விதிதான்.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு தம்பி, ஞாயிறு தோறும் வீடு திறந்து வைத்து, வங்கிக் கடனுக்கும் அலைந்து, 14 லட்சம் ரேண்டுக்கு ஒரு வீட்டை விற்று முடித்தார். பத்திரத்தை மாற்றித் தரும் வழக்கறிஞரின் அலுவலகம் சான்றிதழின் சான்றொப்பமிட்ட நகலைக் கேட்டபோது, அவர் கைபேசியில் இருந்த ரசீதை நீட்டினார். “அண்ணே, பணம் கட்டி மாதக்கணக்காச்சு, அவங்கதான் இன்னும் அனுப்பலை” என்று என்னிடம் வந்து நின்றார். வழக்கறிஞரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த நகல் இல்லாமல் கமிஷனைக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் அவரையும் தடுக்கிறது. பின்னர் சான்றிதழ் வந்தது. ஆனால் வாங்குபவரை அழைத்து வந்த நாளில் அது இல்லாததால், 5 விழுக்காட்டுக் கணக்கில் 70,000 ரேண்ட் கைவிட்டுப் போயிற்று.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் அந்தத் தம்பியின் மீதல்ல. “ரசீது போதும், வேலையைத் தொடங்கு” என்று அவரை அனுப்பிவைத்த நிறுவன உரிமையாளரின் மீதுதான். விதி தெரிந்த ஒருவர், தெரியாத பிள்ளையின் உழைப்பைப் பணயம் வைத்தார். ஆகவே வேலைக்குச் சேரும் முன்பே, நிறுவனத்தின் சான்றிதழையும் இயக்குநர்களின் சான்றிதழ்களையும் காட்டச் சொல்லுங்கள். அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி அதை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கேட்பது மரியாதைக் குறைவாகாது. உங்கள் சான்றிதழ் வரும்வரை வீடு காட்டவும் போகாதீர்கள். புதுப்பிக்கும் காலத்திலும் இதே எச்சரிக்கை தேவை.

பயிற்சிக் குறிப்பேட்டைக் கடைசி மாதத்தில் நிரப்புவது

பன்னிரண்டு மாதப் பயிற்சியில் செய்த வேலைகளை அந்தந்த வாரமே எழுதி, வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் நிறுவனம் மாறிப் போய்விட்டால் பழைய பக்கங்களுக்கு எவரும் பொறுப்பேற்க மாட்டார்கள். வெரூலமிலும் ஃபீனிக்ஸிலும் இப்படிப் பயிற்சியை மறுபடியும் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும்.

என்.கியூ.எஃப். 4 முடித்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது

தேசியத் தகுதிக் கட்டமைப்பின் 4ஆம் நிலையான அது கல்வித் தகுதி மட்டுமே. பி.டி.இ. 4 என்னும் தொழில் தேர்வு தனியாக இருக்கிறது. நிறுவனம் நடத்த விரும்புவோர் என்.கியூ.எஃப். 5, பி.டி.இ. 5 ஆகியவற்றையும் முடிக்க வேண்டும்.

“கேண்டிடேட்” என்பதை மறைப்பது

பயிற்சியில் இருக்கும் முகவர் என்பதைக் காட்டும் அந்தச் சொல்லை மறைக்காதீர்கள். பெயர் அட்டையிலும் மின்னஞ்சலிலும் அது இருக்கட்டும்.

குறைபாட்டுப் படிவம் இல்லாமல் மேண்டேட் வாங்குவது

கூரை ஒழுகுவதையும் அனுமதியின்றிக் கட்டிய பின்கட்டையும் விற்பவர் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்வரை, சொத்துத் தொழிலர் சட்டத்தின் 67ஆம் பிரிவின்படி, வீட்டை விற்றுத் தரும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைக்கும் மேண்டேட்டை நீங்கள் ஏற்கவே கூடாது. உறவினர் வீடாக இருந்தாலும் இதுவே விதி.