பயிர் நோயியலில் எம்.எஸ்சி. சேர நினைக்கிறீர்களா? முதலில் ஒரு மிளகாயை எடுங்கள்

பி.எஸ்சி. வேளாண்மை கடைசி ஆண்டில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான்: விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு நோயின் காரணத்தை நீங்களே நிரூபித்துப் பாருங்கள். அந்த வேலை பிடித்துப்போனால் தயங்காமல் சேருங்கள்.

1. எங்கே படிக்கலாம்?

இது இரண்டு ஆண்டுப் படிப்பு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. டெல்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களுக்கு ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். தகுதி விவரங்களை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். தாவரவியல் படித்தவர்களுக்கும் வழி உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி தாவரவியல் மையம், பேராசிரியர் டி.எஸ். சதாசிவன் காலத்திலிருந்தே பூஞ்சாண ஆய்வுக்குப் பெயர் பெற்றது.

2. கண்ணைப் பழக்குங்கள்

இலை மஞ்சளானாலே நோய் என்று முடிவு கட்டாதீர்கள். தழைச்சத்து குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளுக்கும். இரும்புச்சத்து குறைந்தால் குருத்து வெளுக்கும். வெண்டையில் நரம்புகள் மட்டும் வலைபோல மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். பார்ப்பதையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.

3. மிளகாயில் நிரூபியுங்கள்

பழ அழுகல் வந்த மிளகாயில் குழிந்த புள்ளியும், அதற்குள் வட்டமாகக் கறுப்புப் பொட்டுகளும் தெரியும். பெரும்பாலும் கொலிட்டோட்ரைக்கம் பூஞ்சாணத்தின் வேலை. கல்லூரி ஆய்வகத்தில் அனுமதி கேட்டு இதைச் செய்யுங்கள்.

முதலில் பூஞ்சாணம் வளர உணவுக்கூழ் வேண்டும். உருளைக்கிழங்கு 200 கிராம் வேகவைத்த சாறு, டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) 20 கிராம், கூழை உறைய வைக்கும் அகார் 20 கிராம் சேர்த்து, தண்ணீர் ஊற்றி ஒரு லிட்டராக்குங்கள். ஆட்டோகிளேவில் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) 121 டிகிரியில் 20 நிமிடம் வைத்து, உறைவதற்கு முன், கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் பெட்ரி தட்டில் (மூடியுள்ள தட்டையான ஆய்வகத் தட்டு) ஊற்றுங்கள்.

அடுத்து, நோயும் நல்ல சதையும் சேரும் ஓரத்தைச் சிறு துண்டாக வெட்டுங்கள். நடுவில் வெட்டினால் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பூஞ்சாணங்கள்தான் முளைக்கும். முதல்முறை செய்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மேலே ஒட்டிய கிருமிகள் போக, ஒரு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் நனைத்து, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசி, தட்டில் வையுங்கள். சில நாளில் பூஞ்சாணம் இழை இழையாக வளர்ந்துவிடும். இழையின் நுனியை மட்டும் எடுத்துப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள்.

அப்புறம்தான் முக்கியமான கட்டம். நல்ல மிளகாயைக் கழுவி, ஊசியால் குத்தி, புதுத் தட்டில் வளர்ந்த பூஞ்சாணத்தின் வித்துகள் கலந்த நீரை வையுங்கள். இன்னொரு மிளகாயில் வெறும் கிருமி நீக்கிய நீர். இரண்டையும் ஈரப்பதத்தில் மூடி வைத்தால் முதலாவதில் மட்டும் அதே புள்ளி வரவேண்டும். அதிலிருந்து அதே பூஞ்சாணத்தைத் திரும்பப் பிரித்தெடுத்துவிட்டால், ஒரு நோய்க்கு இந்தக் கிருமிதான் காரணம் என்று நிரூபிக்கும் கோக்கின் விதிகளை நிறைவேற்றிவிட்டீர்கள்.

4. ஆய்வேட்டுத் தலைப்பு

சேர்ந்த பிறகு, இரண்டு ஆண்டுக்குள் முடியும் பயிராகப் பாருங்கள். தென்னையின் தஞ்சாவூர் வாடல் ஆர்வமூட்டும் நோய்தான். ஆனால் மரத்தில் மெதுவாகப் பரவுவதால் தோப்புச் சோதனைக்குக் காலம் போதாது. நெல், மிளகாய், நிலக்கடலை என்றால் பருவம் தவறினாலும் இன்னொரு பருவம் கிடைக்கும். வைரஸ் பக்கம் போவதாக இருந்தால், பி.சி.ஆர். (மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) வேதிப்பொருட்களுக்குத் துறையில் நிதி இருக்கிறதா என்று வழிகாட்டியிடம் முதல் செமஸ்டரிலேயே கேட்டுவிடுங்கள்.