ஒரே படிகத்தில் காந்தமும் மீக்கடத்தலும்: எப்படிச் சோதிப்பது?

பேரியம்-இரும்பு-ஆர்சனிக் படிகம் கலப்பில்லாமல் இருந்தால் சுமார் 140 கெல்வினில் எதிர் ஃபெர்ரோ காந்தமாகிவிடும் (அணுக்களின் குட்டிக் காந்தங்கள் எதிரெதிராக அடுக்கி ஒன்றையொன்று ஈடுகட்டும்), மீக்கடத்தாது, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தாது. நூறு இரும்பு அணுக்களில் ஏறக்குறைய ஐந்தைக் கோபால்ட்டாக மாற்றினால் இரண்டும் வரும்: 47 கெல்வின் வாக்கில் காந்தம், 17 வாக்கில் மீக்கடத்தல்.

முதலில் மின்தடை. படிகத் தகடு மைக்கா போல உரியும். வெள்ளிப் பசை வைத்து நான்கு தங்கக் கம்பிகளை மெதுவாக ஒட்டுங்கள். குளிரக் குளிர இறங்கும் மின்தடைக் கோடு ஓரிடத்தில் மேலே வளையும். காந்தம் வரப்போகிறது என்று அர்த்தம். அப்புறம் சடாரென்று சுழிக்கு (பூஜ்யத்துக்கு) விழும்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். உள்ளே ஒரு மெல்லிய இழை மீக்கடத்தினாலே போதும், மின்தடை சுழியாகத்தான் தெரியும். ஆனால் மீக்கடத்தும் பகுதி காந்தப்புலத்தை உள்ளே விடாது. அதனால் காந்தப்புலமில்லாமல் குளிர்வித்து, 10 ஆர்ஸ்டெட் (காந்தப்புல அலகு) மட்டும் கொடுத்து, படிகம் முழுதும் புலத்தை வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள்.

சரி, இரண்டும் ஒரே இடத்திலா, மிக்சர் மாதிரி தனித்தனித் துணுக்குகளாகவா? மியூவான்களை, அதாவது தாங்களே குட்டிக் காந்தமான நுண்துகள்களை, செலுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் தான் நின்ற இடத்துப் புலத்தை மட்டுமே உணரும். ஏறக்குறைய எல்லாமே காந்தத்தை உணர்ந்தால் துணுக்குக் கதை அடிபடும்.

எனக்குப் பிடித்தது நியூட்ரான் சோதனை. படிகத்தில் சிதறும் நியூட்ரான்களின் வரைபடத்தில் காந்த ஒழுங்கைக் காட்டும் முகடு 17 கெல்வினுக்குக் கீழே குட்டையாகும், அதாவது மீக்கடத்தல் வந்ததும் காந்தம் தேயும். அதே எலக்ட்ரான்களுக்குத்தான் இரண்டும் அடித்துக்கொள்கின்றன.