தோட்டத்துச் செயலியில் கட்டளைச் சொற்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குக் கைப்பேசிச் செயலி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். வெட்டிய குலைக் கணக்கை மண்டோர் (வேலையாட்களை மேய்ப்பவர்) நின்ற இடத்திலிருந்தே தட்டி அனுப்ப வேண்டும்; கிராணி (எழுத்தர்) ஆபீசில் பார்ப்பார். கணக்கு தப்பினால் உடனே மண்டோரைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் தப்பு நாம் அவருக்குக் கொடுத்த சொற்களில் இருக்கும்.

பெரிய தவறு, எழுதுகிறவர் தனக்குத் தோன்றிய ஒரே சொல்லைக் கட்டளையாக வைத்துவிடுவது. ஒரு பொருளுக்கு இரண்டு பேர் தாமாகவே ஒரே சொல்லைச் சொல்லும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு என்று ஆய்வாளர் ஃபர்னாஸும் அவருடைய சகாக்களும் 1987இல் காட்டினார்கள். சமையல் குறிப்புகளைச் சுட்டச் சொன்ன சொற்களில்கூட அப்படித்தான் இருந்தது. நம் தோட்டங்களில் தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து புழங்குகின்றன. ஒருவர் குலை என்பார், இன்னொருவர் தண்டான் என்பார், சின்னப் பையன்கள் பன்ச் என்பார்கள். எல்லாவற்றையும் செயலி ஏற்கட்டும். திரையில் மட்டும் எப்போதும் ஒரே சொல்லைக் காட்டட்டும். ஒரு சொல் இரண்டு வேலைக்குப் பொருந்தினால் ஊகிக்காமல் கேட்க வேண்டும். காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தில்) மண்டோர்களிடம் குலையைக் காட்டி, 'இதை எப்படிப் பதிவீர்கள்?' என்று கேட்டாலே பாதிப் பட்டியல் கிடைத்துவிடும்.

சொற்கள் சோடி சேராமல் போவதும் தொல்லைதான். ஒரு பக்கத்தில் 'சேர், நீக்கு', அடுத்த பக்கத்தில் 'பதி, அழி' என்றிருந்தால் ஒரே வேலையை இரண்டு தடவை கற்க வேண்டும். கட்டளைச் சொற்களைச் சுருக்கும்போதும் எல்லாவற்றுக்கும் ஒரே விதி போதும்.

எண் பலகையை யாரும் யோசிப்பதில்லை. கால்குலேட்டரில் மேல் வரிசை 7, 8, 9. தொலைபேசியில் 1, 2, 3. கால்குலேட்டரில் கை பழகியவர் போனில் பார்க்காமல் தட்டினால் 71 குலை 17 ஆகிவிடும். கூலியே அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அதனால் அனுப்பும் முன் எண்ணைப் பெரிய எழுத்தில் காட்டியே ஆக வேண்டும்.

அப்புறம், 'தவறான உள்ளீடு' என்ற செய்தி. என்ன தவறு, எப்படித் திருத்துவது என்று அதில் ஒன்றுமே இல்லை. 'பிளாக் (தோட்டப் பிரிவு) எண் விடுபட்டது, இப்படித் தட்டுங்கள்: 12 குலை 85' என்று சொல்லுங்கள், ஏற்கெனவே தட்டியதை அழித்துவிடாதீர்கள்.

பதில் ஒரு விநாடியைத் தாண்டினால் தட்டியவருக்குத் தாமதம் உறைக்கும். 10 விநாடி போனால் கவனம் வேறு வேலைக்குப் போய்விடும், அல்லது மறுபடி தட்டி இரட்டைக் கணக்காகும். சிக்னல் கிடைக்காத பிளாக்குகளில் கணக்கை முதலில் போனிலேயே சேமித்துவிட்டு, 'பதிவாகிவிட்டது, சிக்னல் வந்ததும் போகும்' என்று அந்த நொடியே சொல்லிவிட வேண்டும்.