ஒயின் வாங்கக் கடை தேடுகிறீர்களா? முதலில் ஏர்கோனைப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் பீர் வாங்க யாருக்கும் யோசனை தேவையில்லை. ஒயின் அப்படியில்லை. தீபாவளிக்கோ, கல்யாண நாளுக்கோ, மகள் முதல் சம்பளம் வாங்கிய சந்தோஷத்துக்கோ ஒரு நல்ல போத்தல் வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள், யாரைக் கேட்பது என்று தெரியாமல் கைக்கு எட்டியதை எடுத்து வந்து, ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு, ஒயின் என்றாலே புளிப்புத்தான் போல என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் ஒயின் மேல் குற்றமே இல்லை, அதை வைத்திருந்த கடை மேல்தான் குற்றம்.

நம் வெயிலை மறந்துவிட்டுக் கடையைத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒயினை மாதக்கணக்கில் வைத்திருக்க ஏறக்குறைய 12 முதல் 16 டிகிரி செல்சியஸ் வேண்டும். நம் பழைய கடைவீடுகளுக்குள் மத்தியானத்தில் 30-ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் சில வாரம் கிடந்தாலே பழ வாசனை மங்கி, வேகவைத்த மாதிரி ஒரு மந்தமான ருசி வந்துவிடுகிறது. உள்ளே ஒயின் விரிவடைந்து தக்கையை மேலே தள்ளும், சில சமயம் வாய் ஓரத்தில் கசிந்து பிசுபிசுக்கும். தக்கை புடைத்திருந்தாலோ, மேல் உறை ஒட்டிக்கொண்டு சுழல மறுத்தாலோ, கழுத்தில் ஒயின் மட்டம் மற்ற போத்தல்களைவிடக் குறைந்திருந்தாலோ அந்தப் போத்தலை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஏர்கோன் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது, கடை மூடிய பிறகும் அது ஓடுகிறதா என்று கேளுங்கள். பகலில் குளிர்ந்து ராத்திரியில் வெந்து, மறுநாள் மறுபடி குளிர்கிற போத்தலுக்கும் ஆயுசு குறைவுதான்.

வெளிச்சமும் எதிரிதான். வாசல் பக்கக் கண்ணாடி அலமாரியில் அழகாக நிறுத்தியிருக்கும் போத்தலை எடுக்காதீர்கள், அதிலும் நிறமில்லாத கண்ணாடி போத்தலில் வரும் ரோசே எனும் இளஞ்சிவப்பு ஒயின் என்றால் வேண்டவே வேண்டாம். உள்ளே நிழலான அடுக்கிலிருந்து அதே ஒயினைக் கேட்டு வாங்குங்கள். தக்கை போட்டவற்றைப் படுக்க வைத்திருக்கிறார்களா என்றும் ஒரு பார்வை பாருங்கள், மாதக்கணக்கில் நிமிர்ந்தே நின்றால் தக்கை காய்ந்து காற்று புகுந்துவிடும். திருகு மூடிக்கு அந்தக் கவலை கிடையாது. திருகு மூடி என்றால் மட்டமான சரக்கு என்று நினைப்பவர்கள் நம்மிடம் இன்னும் நிறைய. ஆஸ்திரேலியாவின் கிளேர் வேலியில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் செய்பவர்கள் பலர் சேர்ந்து 2000-ஆம் ஆண்டிலேயே திருகு மூடிக்கு மாறிவிட்டார்கள், அதுவும் தங்கள் நல்ல ஒயினுக்கு.

அப்புறம் நம் சீன மருந்துக்கடைகள். பிராந்தி, டோம் என்ற மூலிகை மது எல்லாம் அங்கே வாங்கிப் பழகிவிட்டதால் ஒயினையும் அங்கேயே எடுக்கிறோம். பிராந்தியும் டோமும் 40 சதவீத ஆல்கஹால், சூட்டைத் தாங்கும். ஒயின் 12, 13 சதவீதம்தான், தாங்காது. ஒரே அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் இரண்டுக்கும் ஒரே பலம் என்று ஆகிவிடாது.

பழசு என்றால் உசத்தி என்ற நம்பிக்கையையும் வாசலிலேயே விட்டுவிடுங்கள். உலகத்தில் விற்கும் ஒயினில் பெரும்பங்கு சில வருஷத்துக்குள் குடிப்பதற்காகச் செய்யப்பட்டது. ஐம்பது, அறுபது வெள்ளி விலையில் எட்டு வருஷப் பழைய வெள்ளை ஒயின் தூசியோடு நின்றால் அது பொக்கிஷம் இல்லை, யாரும் வாங்காத சரக்கு. புதிய வருஷச் சரக்கு அடிக்கடி வந்து போகிற கடைதான் உங்களுக்கு வேண்டும். அலமாரித் தூசியைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

விலை விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஆக மலிவானதைத் தேடுகிறவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்: இங்கே கலால் வரி 2016-லிருந்து ஆல்கஹால் அளவை வைத்துப் போடப்படுகிறது. ஒரே அளவு ஆல்கஹால் என்றால் மலிவான போத்தலுக்கும் விலை உயர்ந்த போத்தலுக்கும் கலால் வரி ஒன்றுதான். அதனால் அடிமட்ட விலைப் போத்தலில் வரிக்கும் கப்பல் கூலிக்கும் கண்ணாடிக்கும் போனது போக உள்ளே இருக்கும் ஒயினுக்கு மிஞ்சுவது கொஞ்சம். இன்னொரு பத்து, இருபது வெள்ளி கூடப் போட்டால் அதில் பெரும்பங்கு ஒயினுக்கே போகும். அதற்காக 300 வெள்ளிக்குத் தாவ வேண்டாம், ஆரம்பத்தில் அந்த வித்தியாசம் நாக்குக்குத் தெரியாது.

தெரிந்த மாதிரி நடிப்பது அடுத்தது. பட்ஜெட்டைச் சொல்ல வெட்கப்பட்டு, 'நல்லதா ஒன்னு கொடுங்க' என்று கேட்டால் அவர்களுக்கு லாபம் அதிகம் உள்ளதுதான் கைக்கு வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'அண்ணே, எழுபது வெள்ளிக்குள்ள வேணும், வீட்ல மீன் தலைக்கறி, காரம் கொஞ்சம் தூக்கலா இருக்கும், எது சரியா வரும்?' நல்ல கடைக்காரர் உடனே போத்தலை எடுக்க மாட்டார், இனிப்பு பிடிக்குமா, இதற்கு முன் எதைக் குடித்தீர்கள், எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்பார். 'இதுதான் நல்லா ஓடுது' என்று மட்டும் சொல்கிறவரிடம் பீர் வாங்கிக்கொள்ளலாம்.

அவர் சொல்லும் பதிலை எடைபோட ஒரு சின்னக் குறிப்பு. காரமான கறிக்கு டானின் (வாயைத் துவர்க்க வைக்கும் பொருள்) தூக்கலான, ஆல்கஹால் அதிகமான சிவப்பு ஒயினைக் கொடுத்தால் வாய் இன்னும் எரியும். லேசான இனிப்புள்ள ரீஸ்லிங், அல்லது கெவுர்ஸ்டிராமினர் மாதிரி வாசனையான வெள்ளை ஒயின் காரத்தோடு ஒத்துப்போகும். ஜெர்மனியின் இனிப்பான 'கபினெட்' என்ற லேசான ரக ரீஸ்லிங்கில் ஆல்கஹாலே 8, 9 சதவீதம் அளவுதான். சிவப்புதான் வேண்டும் என்றால் பினோ நுவார் மாதிரி லேசானதை, குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்துவிட்டு ஊற்றுங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று ஐரோப்பியர்கள் சொன்னது அவர்களுடைய குளிர்ந்த அறையை வைத்து, நம் வீட்டு ஹாலை வைத்து இல்லை.

வேன் பின்னால் வைத்து, தெரிந்தவர் மூலம் பாதி விலைக்கு வரும் சரக்கைத் தொடவே தொடாதீர்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் செத்துப்போனார்கள். போத்தலில் வரி முத்திரை இருக்கிறதா, பின் லேபிளில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருக்கிறதா, மலாய் மொழியில் உடல்நல எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் விட்டுவிடுங்கள்.

வரி இல்லாமல் வாங்கலாம் என்று தீவுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பங்கோர் 2020-லிருந்து வரியில்லாத் தீவுதான், ஆனால் மதுவும் சிகரெட்டும் அந்தச் சலுகையில் இல்லை. லங்காவியில் மதுவுக்கு வரி இல்லை, ஆனால் 48 மணி நேரமாவது தங்கியிருந்தால்தான் வரியில்லாமல் கொண்டுவரலாம், அதுவும் ஆளுக்கு ஒரு லிட்டர். ஒரு போத்தல் 750 மில்லி. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் சரியான கடை அமையவில்லை என்றால் ஈப்போ அரை மணி நேரத் தூரம்தான். பெரிய பேரங்காடிகளில் ஹலால் அல்லாத பகுதி தனியாக, காசு கட்டும் இடமும் தனியாக இருக்கும். அங்கே விலை நியாயமாக இருந்தாலும் கேட்டுச் சொல்ல ஆள் கிடைப்பது அபூர்வம், ஒயின் மட்டும் விற்கும் கடைக்கு ஒரு தடவையாவது போய்ப் பேசிப் பாருங்கள். வாங்கியதைக் காரில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், ஒயினைக் கடைசியில் வாங்குங்கள். கடைக்காரர் ஒரு வருஷம் பாதுகாத்ததை வெயிலில் நிற்கும் கார் ஒரு மத்தியானத்தில் கெடுத்துவிடும். ஆன்லைனில் வரவழைத்தால் திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை அனுப்பினால் சனி ஞாயிறு முழுக்க ஏதோ ஒரு கூரியர் கிடங்கின் தகரக் கூரைக்கு அடியில் கிடக்கும்.

முதல் தடவையே பெட்டியாக வாங்காதீர்கள், சலுகை எவ்வளவு இருந்தாலும் சரி. வெவ்வேறாக இரண்டு போத்தல் வாங்கிக் குடித்துவிட்டு, எது பிடித்தது, ஏன் பிடித்தது என்று அதே கடையில் போய்ச் சொல்லுங்கள். நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி நாற்றம் அடித்தால் அது தக்கையால் வரும் கோளாறு, யார் தப்பும் இல்லை. காசு கொடுத்தாயிற்றே என்று குடித்து முடிக்காமல் மீதியை மூடி, ரசீதோடு கொண்டுபோய்க் கொடுங்கள். நல்ல கடை மாற்றிக் கொடுக்கும், முனகிக்கொண்டாவது. கல்யாணத்துக்கு மொத்தமாக எடுப்பதாக இருந்தால், திறக்காத போத்தலைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு, அதை பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.