மனசு சரியில்லாத ராத்திரிக்கு எந்தப் படம்?

ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், "மனசே சரியில்லக்கா, ஒரு படம் சொல்லுங்க" என்று என்னிடம் கேட்பதுண்டு. திருநெல்வேலிப் பக்கம் முக்கூடலில் நான் வைத்திருக்கிற தையல் கடையில் மிஷின் ஓடும் நேரமெல்லாம் பக்கத்தில் ஏதாவது ஒரு பழைய படமும் ஓடும். அதைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். நான் உடனே பேர் சொல்லிவிட மாட்டேன். "ஒனக்கு இப்பத் தூக்கம் வரணுமா, இல்ல எந்திரிச்சு ஒரு வேல செய்யணுமா?" என்று கேட்பேன். தூங்க வேண்டியவளுக்கு ஆறுதல் படம், எழுந்து நிற்க வேண்டியவளுக்கு ஊக்கப் படம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேருக்குப் படம் பார்த்தும் ஒன்றும் ஆவதில்லை.

முதலில் ஆறுதல் படம். உங்களுக்கு மிகவும் பிடித்த படம் எது என்று யோசிக்காதீர்கள், அது பெரும்பாலும் வேறு படமாக இருக்கும். எந்தப் படத்தை நடுவிலிருந்து போட்டாலும் அப்படியே உட்கார முடிகிறது, எதைப் பாதியில் விட்டுப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை என்று பாருங்கள். அதுதான் உங்கள் ஆறுதல் படம். நாளைக்கு என்ன ஆகுமோ என்பதுதான் நம் கலக்கத்தில் பாதி. தெரிந்த படத்தில் அந்தத் தொல்லை கிடையாது. நாகேஷ் அடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று உங்களுக்குத் தெரியும், அவரும் சொல் மாறாமல் அதையே சொல்வார். அதனால் போன வெள்ளிக்கிழமை வந்த புதுப் படம் இதற்கு உதவாது. எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும் முதல் தடவை பார்க்கும்போது மனசு உள்ளே வேலை செய்துகொண்டேதான் இருக்கும்.

படம் எதுவும் பிடிபடவில்லை என்றால் ஒரு நடிகரைப் பிடியுங்கள். கதாநாயகன் வேண்டாம். அவருக்கு நிறைய பாரம், சண்டை போட வேண்டும், காதலிக்க வேண்டும், தியாகம் செய்ய வேண்டும். பக்கத்தில் நிற்கிற ஆளைப் பிடியுங்கள். என்னுடைய ஆள் டி.எஸ். பாலையா. பேரிலேயே திருநெல்வேலி இருக்கிறது, திருநெல்வேலி சுப்பிரமணியன் பாலையா. 1936-இல் சதிலீலாவதியில் ஆரம்பித்தவர், எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். வில்லனாகவே நிறைய வந்தவர், வயசான பிறகுதான் சிரிக்க வைக்கிற அப்பாவானார்.

காதலிக்க நேரமில்லை 1964-இல் வந்தது. மகன் செல்லப்பா சினிமா எடுக்கக் கிளம்பி, அப்பாவிடம் ஒரு பேய்க் கதை சொல்கிற இடம் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் நாகேஷைத்தான் பார்ப்பார்கள். அடுத்த தடவை நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். எஸ்டேட் முதலாளி, மகனை மதிக்காத மனுஷன், என்னமோ உளறுகிறான் என்று உட்காருகிறார். கொஞ்சம் கொஞ்சமாகப் பயம் ஏறுகிறது. பயந்ததை மகனுக்குக் காட்டக் கூடாது என்ற கௌரவமும் கூடவே இருக்கிறது. அந்த ஒரு காட்சி போதும், முழுப் படம் வேண்டியதில்லை. நான் பெரும்பாலும் அதை மட்டும்தான் போடுவேன்.

கையில் காசு இல்லாத மாதமென்றால் 1967-இல் பாலசந்தர் எடுத்த பாமா விஜயம். பக்கத்து வீட்டுக்கு ஒரு சினிமா நடிகை குடிவந்ததும் மருமகள்கள் அவளுக்குச் சமமாகக் காட்டிக்கொள்ளக் கடன் வாங்கிச் சாமான் சேர்க்கிறார்கள், மாமனார் பாலையா திண்டாடுகிறார். குழுக் கடன் தவணை கட்ட முடியாமல் நிற்கிற வாரத்தில் அதைப் பார்த்தால், இந்தக் கூத்து நம் வீட்டில் மட்டும் நடக்கவில்லை என்பது தெரியும். கடன் தீராது, ஆனால் ராத்திரி சாப்பாடு இறங்கும்.

யாராவது அவமானப்படுத்திவிட்டால் திருவிளையாடலில் அவர் ஹேமநாத பாகவதராக வருகிற பகுதி. பாண்டியன் சபையில் எவ்வளவு தலைக்கனத்தோடு பாடுகிறார், அப்புறம் ராத்திரி திண்ணையில் ஒரு விறகுக்காரன் பாடுவதைக் கேட்டு எப்படி ஊரை விட்டே ஓடுகிறார்! நம்மை மட்டம் தட்டிய ஆளை பாகவதர் இடத்தில் வைத்துப் பார்ப்பதில் ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. அது நல்ல குணமில்லைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது நான் எல்லாருக்கும் சொல்வது, யாரும் முதலில் நம்பாதது: படத்தைப் பார்க்காதீர்கள், கேளுங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அம்மா. அம்மாவுக்குப் பீடி சுற்றுகிற வேலை. எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு அதுதான். மடியில் தட்டு, இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்க வேண்டும். கண் கையை விட்டு நகர முடியாது. "காது சும்மாதானட்டி கெடக்கு" என்பாள். திருநெல்வேலி வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள், ஒரு முழுப் படத்தின் வசனத்தையும் பாட்டையும் சுருக்கி ஒரு மணி நேரத்துக்குக் கொடுப்பார்கள். தெருவில் நாலைந்து பேர் எங்கள் திண்ணைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். பார்த்தே இராத படங்களின் வசனமெல்லாம் அம்மாவுக்கு அத்துபடி. கோயில் கொடைக்குக் குழாய் கட்டினாலும் பக்திப் பாட்டுக்கு அப்புறம் திருவிளையாடல் வசனம்தான். தருமி கேள்வி கேட்க இறைவன் பதில் சொல்கிற இடத்தை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாய்ப்பாடு போல ஒப்பிப்போம்.

செய்முறை இதுதான். நன்றாகத் தெரிந்த, வசனம் நிறைந்த படம் ஒன்றை போனில் போடுங்கள். போனைக் குப்புறக் கவிழ்த்து வையுங்கள். சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்காத அளவு போதும். கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: முருங்கைக்கீரை ஆயலாம், பூ கட்டலாம், துணி மடிக்கலாம், பட்டன் தைக்கலாம். கண் ஓய்கிறது, கை ஓடுகிறது, வீட்டில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு துணை இருக்கிறது. தனியாக இருப்பவர்களுக்கு இது ரொம்பவும் உதவும். ஏ.பி. நாகராஜன் படங்கள் இதற்கென்றே எடுத்த மாதிரி இருக்கும். தில்லானா மோகனாம்பாள் என்றால் வசனத்தோடு நாதஸ்வரமும் கிடைக்கும். திரையில் சிவாஜி வாசிக்க, உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கேட்டுக்கொண்டே இருந்தால் கண் தானாகச் சொருகும். அதில் தவில்காரர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை, நம்ம பாலையாதான்.

இயக்குநர் மகேந்திரன் படங்களை இப்படிக் கேட்க முடியாது. அவர் வசனத்தைக் குறைத்து எடுத்தவர், பாதிப் படம் முகங்களிலேயே நடக்கும்.

அவர் பேர் வந்ததால் சோகப் படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அழுதால் பாரம் குறையும் என்பது சரிதான், ஆனால் எந்த அழுகை, எந்த நேரம் என்று இருக்கிறது. உதிரிப்பூக்கள் 1979-இல் அவர் எடுத்த படம், நம் திருநெல்வேலிக்காரர் புதுமைப்பித்தனின் சிற்றன்னை கதையிலிருந்து கிளம்பியது. தமிழில் வந்த மிகப் பெரிய படங்களில் ஒன்று என்றே நான் சொல்வேன். ஆனாலும் வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதத்தில், ராத்திரி பத்து மணிக்கு மேல், தனியாக அதைப் போடாதீர்கள். கடைசியில் அந்த இரண்டு பிள்ளைகளும் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும், தூங்க விடாது. பகலில் பாருங்கள், பக்கத்தில் மைனியோ சித்தியோ இருக்கும்போது பாருங்கள், முடிந்ததும் காபி போட ஒரு ஆள் வேண்டும்.

இனி ஊக்கப் படம். இதில் எல்லாம் தலைகீழ். ராத்திரி வேண்டாம், காலையிலோ சாயங்காலமோ பாருங்கள். படத்தைப் போடுவதற்கு முன்பே, முடிந்ததும் செய்யப் போகிற ஒரு சின்ன வேலையைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற ஒரு பிள்ளை என் கடைக்கு வருவாள். படிக்க உட்காருவதற்கு முன்னால் உசுப்பேற்றுகிற காட்சிகளாகப் பார்ப்பாள், பார்த்துப் பார்த்தே ராத்திரி போய்விடும். அவளிடம் நான் சொன்னது: கிளைமாக்ஸைப் பார்க்காதே. நாயகன் ஜெயித்துவிட்டால் நாமே ஜெயித்த மாதிரி ஒரு நிறைவு வந்துவிடும், அப்புறம் புத்தகத்தை எவள் எடுப்பாள்? அவன் வேலையைத் தொடங்குகிற இடத்தில் நிறுத்திவிட்டு உன் வேலையைத் தொடங்கு. மிச்சப் படம் மறுநாளைக்கு.

எனக்கு அந்த இடம் கப்பலோட்டிய தமிழன். ஒட்டப்பிடாரத்து வ.உ.சி.யின் கதை, பி.ஆர். பந்துலு 1961-இல் எடுத்தது. வந்தபோது ஓடவில்லை, பந்துலுவுக்கு நஷ்டம்தான். இன்றைக்கு வ.உ.சி. என்றால் நம் கண்ணில் தெரிவது அந்தச் சிவாஜியின் முகம். பலரும் சிறையில் செக்கிழுக்கிற காட்சியைத்தான் சொல்வார்கள். கடை நடத்துகிற எனக்கு வேண்டியது அதற்கு முந்தின பகுதி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தபோது மூலதனம் பத்து லட்சம், பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்கு. ஊர் ஊராகப் போய் பங்கு சேர்த்தார். முதலில் சொந்தக் கப்பல் கிடையாது, வாடகைக் கப்பல்தான். அது நின்றுபோனதும் கொழும்புக்குப் போய் வேறொன்று பிடித்து வந்தார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. மிஷின் பழுதாகி, ஆர்டர் குவிந்து கிடக்கிற நாளில் எனக்குத் தேவைப்படுவது வீர வசனம் இல்லை, இந்தக் கொழும்புப் பயணம்தான். பக்கத்துத் தெரு ராஜேஸ்வரி டெய்லரிடம் மிஷினைக் கொஞ்ச நேரம் கேட்கலாம் என்று அப்போதுதான் தோன்றும். படம் பிடித்துவிட்டால் ஒரு நாள் ஒட்டப்பிடாரம் போய் நினைவில்லத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்.

பரியேறும் பெருமாளை (2018) எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. திருநெல்வேலி சட்டக் கல்லூரிக்குப் படிக்க வருகிற பையன், ஆங்கிலம் வராமல் வகுப்பில் கூனிக் குறுகுவது, கூத்தாடுகிற அப்பா யார் என்று சொல்லத் தயங்குவது, சாதியின் பேரால் அந்த அப்பாவுக்கு நடக்கிற அவமானம். அப்பாவாக நடித்த தங்கராஜ் நிஜமாகவே கூத்துக் கலைஞர். அம்மா பீடி சுற்றுகிறாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லக் கூச்சப்பட்ட என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் படம் ஆறுதலும்தான், ஊக்கமும்தான், நெஞ்சில் உதையும்தான். யாரோடு உட்கார்ந்து பார்க்கிறோம் என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அந்தப் படம் முடிந்ததும் எல்லாரும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. கடைசிக் காட்சியில் இரண்டு தேநீர் கிளாஸ்களும் நடுவில் ஒரு பூவும் வருமே, அதைப் பற்றி மனம்விட்டுப் பேச முடிகிற ஒரு ஆளோடு பாருங்கள்.

படத்தால் ஆகாததும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, செத்துவிடலாமா என்று தோன்றுகிறது என்றால் பாலையாவை ஒதுக்கி வைத்துவிட்டு 14416-க்கு போன் போடுங்கள். டெலிமானஸ் என்று அரசாங்கம் நடத்துவது, காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

மற்றபடி சில்லறை விஷயங்கள்தான். ஒரு படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிற வசதியை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் பாகவதர் ஓடிப்போன கையோடு யாராவது அரிவாளைத் தூக்கிக்கொண்டு வந்து எழுப்பிவிடுவார்கள். ஒரே காட்சியை தினமும் போட்டால் ருசி போய்விடும், கொஞ்ச நாள் விட்டுப் பிடியுங்கள். உங்கள் ஆறுதல் படத்தை இன்னொருத்தரிடம் சொல்லும்போது அவர் கொட்டாவி விட்டால் கோபப்படாதீர்கள். கதை தெரியாதவருக்கு அது வெறும் பழைய படம். அவருடைய படத்தை அவரிடமே கேளுங்கள், சின்ன வயசில் யாரோடு எந்தப் படத்துக்குப் போனார் என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் அதுவே வெளியே வந்துவிடும்.