ஐப்பசி மழைக்குப் பிறகு கரையோரம் பூவும் காளானும் பார்க்க

கொடைக்கானல் போய் வந்த மருமகன் போனில் ஒரு நூறு படம் காட்டினார். எல்லாம் வழியோரப் பூவும் காளானும். "நம்ம பக்கம் என்ன மாமா இருக்கு, மணலும் முள்ளும்தானே" என்றார். பாம்பன்காரனிடம் சொல்கிற பேச்சா அது? எங்களுக்கு மலை என்றால் ராமர் பாதம் இருக்கிற கந்தமாதன பர்வதம்தான். மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் குனிந்து நடந்தால் இங்கேயும் கண்ணுக்கு வேலை உண்டு.

இரண்டு நாள் மழை பெய்து வெறித்த மறுநாள் போங்கள். காலை ஆறரைக்கு இறங்கினால் ஒன்பதுக்குள் திரும்பிவிடலாம். அடம்பும் விஷ்ணுகிரந்தியும் வெயில் ஏறினால் சுருங்கிவிடும். ரப்பர் செருப்பு வேண்டாம், கருவேல முள் அதைத் தாண்டி வந்து காலைக் கேட்கும். பாலித்தீன் பைக்குப் பதில் ஓலைக்கொட்டான் எடுத்துக்கொள்ளுங்கள். பைக்குள் காளான் வியர்த்துக் குழைந்துவிடும்.

தனுஷ்கோடி சாலையோர மணலில் அடம்பங்கொடி ஊதாப் பூவோடு ஓடும். இலை ஆட்டுக் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான், இழுத்துப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ராவணன் மீசை. அதன் முள்பந்து காற்றில் உருண்டு ஓடுவது பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை.

நின்று பார்க்க வேண்டியது காந்தள். வேலி ஓரம் முள்ளைப் பற்றி ஏறும், பற்றுவது இலையின் நுனி. அது சுருண்டு கம்பி மாதிரி பிடித்துக்கொள்ளும். பூ தலைகீழாகத் தொங்க, இதழ்கள் மட்டும் மேல்நோக்கி மடங்கி நிற்கும். நடுவில் சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் ஒடிந்தது போல வளைந்திருக்கும். புதுப்பூவில் பச்சையும் மஞ்சளும், நாளாக நாளாகச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா வயதும் காணலாம். கண்வலிக்கிழங்கு என்பதும் இதுதான். கிழங்கு முதல் விதை வரை கொல்லும் விஷம். பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

காளான் கதை வேறு. பல வருஷம் முன்னால் மைதானப் புல்லில் குடை குடையாக முளைத்திருந்ததைப் புற்றுக்காளான் என்று பறித்துக் குழம்பு வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் வீடே வாந்தியும் பேதியும். புழு அரித்திருந்தால் நல்ல காளான் என்ற பேச்சை நம்பினேன். புழுவுக்கு ஆகிறது நமக்கு ஆகாது. அந்தக் காளானின் தண்டில் மேலும் கீழும் நகர்கிற வளையம் இருந்ததை அப்போது கவனிக்கவில்லை. புற்றுக்காளானுக்குக் குடை நடுவில் கூர்முனை உண்டு, தண்டு மண்ணுக்குள் நீண்டு கரையான் புற்றில் போய் முடியும்.

அதிலிருந்து வீட்டில் ஒரு சோதனை. நன்கு விரிந்த குடையைத் தண்டு நறுக்கி, அடியில் விசிறி மாதிரி இருக்கும் மடிப்புப் பக்கம் கீழாக, பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் வையுங்கள். எவர்சில்வர் டம்ளரால் மூடுங்கள். காலையில் திறந்தால் மடிப்பின் கோடு கோடாக வித்துத்தூள் படிந்திருக்கும். புற்றுக்காளான் என்றால் வெளிர் ரோஜா நிறம். எங்களைப் படுக்கவைத்த ஜாதி பச்சையாகப் படியும். நிறம் ஒரு தடயம் மட்டுமே, அதை வைத்து யாரும் குழம்பு வைக்க வேண்டாம். நானும் வைப்பதில்லை.

தென்னை அடியில் தட்டுத்தட்டாக ஒட்டியிருப்பதும் காளான்தான். அதைக் கண்டால் தோப்புக்காரரிடம் சொல்லுங்கள், அடித்தண்டு அழுகுகிறது. எதிரே தெரியும் தீவுகளுக்குப் போக ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் இறங்க முடியாது.

போன வாரம் தாளில் ஒரு காளானின் பச்சைத் தூள் அச்சு நன்றாக விழுந்தது. படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பினேன். "எந்தக் கடைச் சேலை டிசைன் மாமா?" என்று பதில் வந்தது.