கப்பில் விழும் பொடி எடை மாறினால்

பேட்டையில் நாங்கள் சுக்குக்காப்பிப் பொடி அடைக்கிற மெஷின் கப் ஃபில்லர் வகை, அதாவது பல கப்புகள் மாறி மாறிப் பொடியை அளந்து பாக்கெட்டில் போடும். அது எடை பார்க்காது, கொள்ளளவுதான் பார்க்கும். 100 கிராம் பாக்கெட் காலையில் கூடும், சாயங்காலம் குறையும். ஆளாளுக்குக் கப்பின் அளவைத் திருகி மாற்றினார்கள். “ஏல, சும்மா கிடக்க விடுங்கல அதை” என்று அண்ணாச்சி சத்தம் போட்டார். சரியாகத்தான் சொன்னார்.

கோளாறு ஹாப்பரில், அதாவது மேலே பொடி கொட்டும் தொட்டியில். நிறைய இருந்தால் மேல்பாரம் அமுக்கி, அதே கப்பில் பொடி அதிகம் இறங்கும். அடிமட்டத்துக்குப் போனால் காற்றோடு பொலபொலவென்று விழும். இப்போது பாதிக்குக் கீழே இறங்க விடுவதில்லை, மூட்டையோடு கவிழ்ப்பதும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிறோம். ஐப்பசி மழையில் கருப்பட்டி ஈரம் இழுத்துக் கட்டி தட்டும், சலிக்காமல் போட்டால் கப் பாதிதான் நிறையும்.

செட்டிங் பார்க்கும்போது முதலில் வரும் பாக்கெட்டுகளைத் திரும்ப ஹாப்பரிலேயே கொட்டிவிடுங்கள். பொடி படிந்தபின் பத்துப் பாக்கெட் சேர்த்து நிறுத்து, பத்துக் காலிக் கவரின் எடையைக் கழித்து, சராசரிக்கு ஏற்பத் திருகுங்கள். அந்தப் பத்தையும் தனித்தனியாகவும் நிறுங்கள். ஒரே கப்பில் மட்டும் குறைந்தால் அதன் உள்சுவரில் பொடி அப்பியிருக்கும். உலர்ந்த பிரஷ் போதும், தண்ணீர் கூடவே கூடாது.